தலைவர்கள் மீதான வழக்குகள் ஏன் கைவிடப்படுகின்றன? மலேசியத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நம்மவர்கள் கூடிப் பேசும் இடங்களில், நாளிதழில் ஒரு பெரிய தலைவரின் வழக்குக் கைவிடப்பட்ட செய்தி வந்த மறுநாள், ஒரே கேள்விதான் பல வடிவங்களில் எழுகிறது: சாதாரண மனிதன் மீது இரண்டே நாளில் வழக்குப் போட முடிகிற அரசாங்கத்துக்கு, அதிகாரத்தில் இருப்பவர் மீது மட்டும் ஏன் கை நடுங்குகிறது? அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் எங்கே என்ன சொல்கிறது, யாருடைய கையில் எந்த அதிகாரம் இருக்கிறது என்பதை அறிந்து கோபப்பட்டால்தான் அது சரியான கதவைப் போய்த் தட்டும். அதற்காகவே இந்தக் கேள்விகளையும் பதில்களையும் தொகுத்திருக்கிறேன்.

ஒருவர் மீது வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது யார்?

சட்டத்துறைத் தலைவர். கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவு, ஒரு குற்றத்துக்காக வழக்கைத் தொடங்கவும், நடத்தவும், நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் தருகிறது; அந்த அதிகாரத்தை அவர் தம் விருப்புரிமைப்படி செலுத்தலாம் என்றும் சொல்கிறது. ஷரியா நீதிமன்றம், சபா சரவாக்கின் சுதேசி நீதிமன்றம், இராணுவ நீதிமன்றம் ஆகியவை மட்டுமே இதற்கு விலக்கு. போலீஸ் தலைவரோ அமைச்சரோ நீதிபதியோ இந்த முடிவை எடுப்பதில்லை.

இதே 145ஆவது பிரிவின் மற்ற வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சட்டத்துறைத் தலைவரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். அமைச்சரவைக்குச் சட்ட ஆலோசனை வழங்குவதும் அவருடைய கடமை. அவருக்கு நீதிபதிகளைப் போன்ற பதவிப் பாதுகாப்பு இல்லை. மாமன்னர் விரும்பும் வரை மட்டுமே அவர் பதவியில் இருக்க முடியும். 1957இல் எழுதப்பட்ட அரசியலமைப்பில் நீதிபதியை நீக்குவதற்குரிய காரணமும் முறையும் இருந்தால் ஒழிய அவரை நீக்க முடியாது என்றிருந்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளிலேயே அந்தப் பாதுகாப்பு எடுக்கப்பட்டுவிட்டது. ஆக, அரசாங்கத்தின் வழக்கறிஞராக இருப்பவரே, அந்த அரசாங்கத்தில் இருப்பவர்கள் மீது வழக்குத் தொடுக்க வேண்டியவராகவும் இருக்கிறார். இந்தக் கட்டுரையில் பேசப்படும் அத்தனை சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் எஸ்.பி.ஆர்.எம். எதற்கு?

மலேசிய ஊழல் தடுப்பு ஆணையமாகிய எஸ்.பி.ஆர்.எம். விசாரிக்கும், சாட்சிகளை அழைக்கும், ஆவணங்களைக் கைப்பற்றும், கைதும் செய்யும். ஆனால் 2009ஆம் ஆண்டு எஸ்.பி.ஆர்.எம். சட்டத்தின் கீழ், அரசு வழக்கறிஞரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வழக்கும் நீதிமன்றத்துக்குப் போகாது. அந்தப் பதவியும் சட்டத்துறைத் தலைவருடையதே. விசாரணைக் கோப்பு சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்குப் போய், ‘மேல் நடவடிக்கை இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தால் கதை முடிந்தது. அந்தக் குறிப்புக்கு மக்களிடம் காரணம் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

‘நெத்திலி மாட்டுகிறது, சுறா தப்பிக்கிறது’ என்று நம் ஊரில் எஸ்.பி.ஆர்.எம்மைக் குறை சொல்லும்போது, பாதிக் குறை வேறு வாசலுக்குப் போக வேண்டியது என்பதை மறக்கக் கூடாது. உழைத்து விசாரித்த அதிகாரிகளும் கோப்பு திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கிறது.

டி.என்.ஏ.ஏ. என்கிறார்களே, அது விடுதலையா?

முழு விடுதலை அன்று. ‘நிரபராதி என்ற தீர்ப்புக்கு ஈடாகாத விடுவிப்பு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமே டி.என்.ஏ.ஏ. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254ஆவது பிரிவின்படி, தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் அரசு வழக்கறிஞர் ‘இந்த வழக்கை மேற்கொண்டு நடத்தப் போவதில்லை’ என்று நீதிமன்றத்தில் தெரிவிக்கலாம். அப்படித் தெரிவித்தால் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்படுவார். அந்த விடுவிப்பு நிரபராதி என்ற தீர்ப்புக்கு ஈடாகாது. நீதிமன்றமே வேறு விதமாக உத்தரவிட்டால் மட்டும் ஈடாகும். டி.என்.ஏ.ஏ. பெற்றவர் மீது அதே குற்றச்சாட்டை மீண்டும் கொண்டு வரலாம். முழு விடுதலை பெற்றவர் மீது கொண்டு வர முடியாது. அரசியலமைப்பின் 7ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது.

மீண்டும் கொண்டு வரலாம் என்பது ஏட்டில் உள்ள உரிமை. எத்தனை நாளுக்குள் கொண்டு வர வேண்டும் என்ற காலக்கெடு 254இல் இல்லை. சாட்சிகளுக்கு வயதாகிறது, நினைவு மங்குகிறது, அதிகாரிகள் ஓய்வு பெறுகிறார்கள். வழக்கு உயிரோடும் இல்லை, இறந்ததாகவும் சொல்ல முடியாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இது நல்லதன்று. தம் பெயரின் மேல் உள்ள கறையை நீதிமன்றத்திலேயே துடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கும் கிடைக்காமல் போகிறது.

துணைப் பிரதமர் சாஹிட் ஹமிடியின் வழக்கில் மக்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்?

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2018 அக்டோபரில் யாயாசான் அகால்புடி அறநிறுவனத்தின் நிதி தொடர்பாகவும் பிற விவகாரங்களிலும் அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. மொத்தம் 47 குற்றச்சாட்டுகள்: நம்பிக்கை மோசடி 12, லஞ்சம் 8, சட்டவிரோதப் பணமாற்றம் 27. அரசுத் தரப்பில் 99 சாட்சிகள் வந்து சொன்னதைக் கேட்ட பிறகு, 2022 ஜனவரி 24ஆம் நாள் உயர் நீதிமன்றம் அந்த 47 குற்றச்சாட்டுகளுக்கும் முகாந்திரம் இருப்பதாகக் கூறி, அவரை எதிர்வாதம் செய்ய உத்தரவிட்டது. அவ்வாறே எதிர்வாதமும் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் பொதுத்தேர்தல் வந்தது. தொங்கு நாடாளுமன்றம் அமைந்தது. அவர் தலைமையிலான அம்னோவின் ஆதரவோடு ஒற்றுமை அரசாங்கம் உருவாகி, அதில் அவர் துணைப் பிரதமரானார். 2023 செப்டம்பர் 4ஆம் நாள், அன்றைய சட்டத்துறைத் தலைவரின் பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய நாள், அரசுத் தரப்பு எழுந்து 11 காரணங்களைக் கூறி வழக்கை நிறுத்தக் கேட்டது, எஸ்.பி.ஆர்.எம். மேலும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்பது அவற்றில் முக்கியமானது. நீதிபதி டி.என்.ஏ.ஏ. வழங்கினார். பிறகு வழக்குத் தொடரப்படாமலே போனால் இதுவரை செலவான நீதிமன்றக் காலமும் பொதுப் பணமும் வீணாகிவிடும் என்ற கவலையையும் அவர் வெளிப்படையாகவே பதிவு செய்தார். அன்று வழக்கை நிறுத்தக் கேட்டு வாதாடிய துணை அரசு வழக்கறிஞர், 2024 நவம்பரில் சட்டத்துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

இதில் சதி நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கான ஆதாரம் என்னிடம் இல்லை. காரணமே சொல்லாமல் கைவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 11 காரணங்கள் திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்டன. ஆனாலும் 99 சாட்சிகளை விசாரித்து, நீதிபதி ஒருவர் முகாந்திரம் உண்டு என்று தீர்மானித்த பிறகு, ‘இன்னும் விசாரிக்க வேண்டும்’ என்று அரசுத் தரப்பே சொல்லும்போது, குற்றம் சாட்டுவதற்கு முன் எதை விசாரித்தீர்கள் என்ற கேள்வி எழாமல் இருக்காது. அந்தக் கேள்விக்கு மக்கள் மனம் ஆறும்படியான பதில் கிடைக்கவில்லை. வழக்கறிஞர் மன்றமே இந்த முடிவை நீதிமன்றம் மறுஆய்வு செய்ய வேண்டும் என்று மனுச் செய்தது என்பதிலிருந்தே, இது விவரமறியாதவர்களின் கூச்சல் அன்று என்பது விளங்கும்.

ஆதாரம் போதவில்லை என்று சட்டத்துறைத் தலைவர் சொன்னால் நாம் ஏற்கத்தானே வேண்டும்? கோப்பைப் படித்தவர் அவர்தானே?

ஏற்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் வழக்கு அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டது; அது உடைந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் பண விவகாரம் வெடித்திருந்த 2015 ஜூலையில், அதை விசாரித்த சிறப்புப் பணிக்குழுவில் இடம்பெற்றிருந்த சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டாயில், உடல்நலக் காரணம் கூறப்பட்டுத் திடீரெனப் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அதே நாட்களில்தான் துணைப் பிரதமர் முகைதீன் யாசினும் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். புதிதாக வந்த சட்டத்துறைத் தலைவர் அபாண்டி அலி, 2016 ஜனவரி 26ஆம் நாள் செய்தியாளர்களைக் கூட்டி, பிரதமரின் தனிப்பட்ட வங்கிக் கணக்கில் வந்த 68 கோடி அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட தொகை சவூதி அரச குடும்பத்தின் நன்கொடை என்றும், 1எம்டிபியின் முன்னாள் துணை நிறுவனமான எஸ்.ஆர்.சி.யின் பண விவகாரத்திலும் குற்றம் எதுவும் இல்லை என்றும், எஸ்.பி.ஆர்.எம். கோப்புகளை மூடுமாறும் அறிவித்தார்.

2018 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. ஜூலை 4ஆம் நாள் அதே எஸ்.ஆர்.சி. விவகாரத்தில் நஜிப் மீது குற்றம் சாட்டப்பட்டது. 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் தொடர்பான அந்த வழக்கில் 2020 ஜூலை 28ஆம் நாள் உயர் நீதிமன்றம் அவருக்கு 12 ஆண்டுச் சிறையும் 21 கோடி ரிங்கிட் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 ஆகஸ்டு 23ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றமும் ஒருமனதாக உறுதி செய்தது. அன்றே அவர் காஜாங் சிறைக்குப் போனார். 2025 டிசம்பரில் 1எம்டிபி வழக்கிலும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், அரபு நன்கொடை என்ற விளக்கத்தை ஏற்கவில்லை.

2016இல் குற்றமே இல்லை என்று மூடப்பட்ட ஒரு விவகாரம், மூன்று அடுக்கு நீதிமன்றங்களிலும் குற்றம் என்று நிலைநாட்டப்பட்டது. இடையில் மாறியது அரசாங்கமும் சட்டத்துறைத் தலைவரும். ஆட்சி மாறாமல் இருந்திருந்தால் அந்தக் கோப்பு இன்றும் அலமாரியில்தான் கிடக்கும். இதைக் கண்ட மக்களிடம், ‘ஆதாரம் போதவில்லை’ என்ற ஒற்றை வரியை மட்டும் நீட்டி, நம்புங்கள் என்று கேட்பது எந்த வகையில் நியாயம்?

இது ஒரு கட்சியின் தலைவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகையா?

இல்லை. பினாங்கில் வசிப்பவர்கள் இதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2016 ஜூன் 30ஆம் நாள், அம்னோவின் எதிரணியைச் சேர்ந்த அன்றைய முதல்வர் லிம் குவான் எங் மீது, ஜாலான் பின்ஹோர்னில் உள்ள பங்களாவை 28 லட்சம் ரிங்கிட்டுக்குச் சந்தை விலையைவிடக் குறைத்து வாங்கியது தொடர்பாகவும் நில மாற்றம் தொடர்பாகவும் குற்றம் சாட்டப்பட்டது. அவர் குற்றத்தை மறுத்தார். அது அரசியல் பழிவாங்கல் என்று அவருடைய ஆதரவாளர்கள் உறுதியாக நம்பினார்கள். 2018இல் அவர் நிதியமைச்சரானார். அதே ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் அரசுத் தரப்பு வழக்கை மீட்டுக்கொள்ள, பினாங்கு உயர் நீதிமன்றம் அவரை முழுமையாக விடுதலை செய்தது. இந்த முடிவு தமக்கு அதிர்ச்சி அளித்ததாக எஸ்.பி.ஆர்.எம். அறிக்கை விட்டது. வழக்கு உண்மையிலேயே பலவீனமாக இருந்திருக்கலாம். ஆனால் அது நீதிமன்றத்தில் முழுதாகச் சோதிக்கப்படவில்லை. அதனால் அவரை வெறுப்பவர்கள் ஒரு கதையையும் விரும்புபவர்கள் மற்றொரு கதையையும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

2020 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்த பிறகு மறுபக்கத்தில் நடந்தவையும் உண்டு. மே 14ஆம் நாள் நஜிப்பின் மனைவிக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த மகன் ரிசா அசிஸ், 24 கோடியே 80 லட்சம் அமெரிக்க டாலர் தொடர்பான ஐந்து பணமாற்றக் குற்றச்சாட்டுகளிலிருந்து, வெளிநாட்டுச் சொத்துகளைத் திருப்பித் தரும் ஏற்பாட்டின் பேரில் டி.என்.ஏ.ஏ. பெற்றார். ஜூன் 9ஆம் நாள் சபாவின் முன்னாள் முதல்வர் மூசா அமான் 46 குற்றச்சாட்டுகளிலிருந்து விடுதலையானார். பிறகு 2025 ஜனவரியில் சபாவின் ஆளுநரானார். யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து வழக்கின் முடிவைக் கணிக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அது சட்டத்தின் மீதுள்ள மரியாதையை அரித்துத் தின்கிறது.

தமிழர்களாகிய நமக்கு இதில் தனியாக என்ன அக்கறை இருக்க முடியும்?

இந்த அலுவலகம் எவ்வளவு விரைவாகவும் கடுமையாகவும் இயங்க முடியும் என்பதை நாம் நேரில் அனுபவித்தவர்கள். 2007 நவம்பர் 25ஆம் நாள் இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராப் பேரணியின்போது பத்துமலைக் கோயில் வளாகத்தில் நடந்த மோதலையொட்டி, நம்மவர்கள் 31 பேர் மீது, ஒரு போலீஸ்காரரைக் கொல்ல முயன்றதாக, சில நாட்களிலேயே ஷா ஆலம் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். நாட்டின் சட்டத்துறைத் தலைவரே நேரில் வந்து அரசுத் தரப்பை நடத்தினார். கொலை முயற்சிக் குற்றச்சாட்டு அந்த டிசம்பருக்குள்ளேயே மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆனாலும் ஒரு சாதாரணத் தொழிலாளியின் பிள்ளை மீது அந்தக் குற்றச்சாட்டைக் கொண்டுவர அலுவலகத்துக்கு எத்தனை நாள் பிடித்தது என்பதை அந்தக் குடும்பங்கள் மறக்கவில்லை.

மறுபுறம், 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் ஒரு தமிழ் இளைஞர் உடலெல்லாம் காயங்களோடு இறந்தபோது, கடைசியில் குற்றவாளிக் கூண்டில் ஏறியவர் ஒரே ஒரு காவலர். அதுவும் காயம் விளைவித்ததாக மட்டும். 2013இல் உரிமையியல் வழக்கில் உயர் நீதிமன்றம் போலீசையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி, 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குடும்பமே வழக்காடி நிரூபித்த ஒன்றை, அரசுத் தரப்பு ஏன் குற்றவியல் நீதிமன்றத்தில் அந்த அளவுக்குக் கொண்டு போகவில்லை? தலைவர்கள் விஷயத்தில் இன்று நாடு முழுவதும் கேட்கும் கேள்வியை, நம் சமூகம் காவல் மரணங்களில் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொரு தலைவர் மீதும் வழக்கை நடத்தியே தீர வேண்டும் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. வழக்கைக் கைவிடும் அதிகாரம் ஒருவரிடம் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத நாட்டில் பொய் வழக்கில் சிக்கியவர் மீள வழியே இருக்காது.

2019 அக்டோபரில், விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு ஆதரவளித்ததாக, மலாக்கா, நெகிரி செம்பிலான் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்பட 12 தமிழர்கள் கைது செய்யப்பட்டார்கள். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டமாகிய சொஸ்மாவின் கீழ் அவர்கள் சிறையில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். தீபாவளி, பொங்கல் இரண்டும் அங்கேயே கழிந்தன. 2020 பிப்ரவரி 21ஆம் நாள், அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் அத்தனை குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். கைப்பேசியிலோ முகநூலிலோ பிரபாகரனின் படத்தை வைத்திருப்பது பயங்கரவாதம் ஆகாது, இந்த ஆதாரங்களைக் கொண்டு தண்டனை கிடைக்கும் வாய்ப்பே இல்லை என்று அவர் எழுத்துப்பூர்வமான அறிக்கையில் விளக்கினார். அந்த முடிவைப் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களும் அறிக்கையைப் படித்து, இந்த வரி தவறு, இந்த வாதம் ஏற்க முடியாதது என்று சுட்டிக்காட்டி விவாதிக்க முடிந்தது.

நான் கேட்பதெல்லாம் இந்த ஒன்றுதான். கைவிடுங்கள், ஆனால் காரணத்தை எழுதி, கையெழுத்திட்டு, எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். 12 சாதாரணத் தமிழர்களுக்காகச் செய்ய முடிந்ததை, ஒரு துணைப் பிரதமருக்காகவோ ஒரு முதல்வருக்காகவோ ஏன் செய்ய முடியாது?

நீதிமன்றம் தலையிட முடியாதா?

வெகுகாலம் முடியாது என்றே கருதப்பட்டது. 1974இல் லோங் பின் சமாட் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், இந்த விருப்புரிமையில் நீதிமன்றம் கை வைக்காது என்று கூறியது. 2021இல் ஆசிய அனைத்துலக நடுவர் மன்றத்தின் முன்னாள் இயக்குநர் சுந்தர ராஜு தொடர்பான வழக்கில் அதே கூட்டரசு நீதிமன்றம் ஒரு முக்கியமான அடி எடுத்து வைத்தது: அந்த அதிகாரம் எல்லையற்றதன்று, தக்க சூழலில், அரிதாக, நீதிமன்றம் அதை மறுஆய்வு செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. கதவு திறந்திருக்கிறது, இடுக்கு சிறியது. முடிவு தவறு என்று காட்டுவதற்கு முதல் பார்வையிலேயே புலப்படும் ஆதாரமாவது வேண்டும், ஆனால் காரணம் வெளியிடப்படாத முடிவில் அந்த ஆதாரத்தை எங்கிருந்து எடுப்பது? இங்கேயும் பிரச்சினை காரணத்தில்தான் வந்து நிற்கிறது.

அரச மன்னிப்பும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. மன்னிப்பு, தண்டனை பெற்றவருக்கு 42ஆவது பிரிவின் கீழ் வழங்கப்படுவது. 2024 ஜனவரி 29ஆம் நாள் கூடிய மன்னிப்பு வாரியத்தின் முடிவால் நஜிப்பின் 12 ஆண்டு தண்டனை 6 ஆண்டாகவும், 21 கோடி ரிங்கிட் அபராதம் 5 கோடியாகவும் குறைந்தன. ஆனால் மன்னிப்பு வாரியத்திலும் சட்டத்துறைத் தலைவர் உறுப்பினர். அவருடைய கருத்தை வாரியம் கவனத்தில் கொள்ள வேண்டும். வழக்கின் தொடக்கத்திலும் முடிவுக்குப் பின்னும் இருப்பவர் ஒருவரே.

வளர்ந்த நாடுகளில் இப்படி நடப்பதில்லை அல்லவா?

நடக்கிறது. அங்கே வழக்குத் தொடுக்கும் அரசுத் துறையான அமெரிக்க நீதித்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். 2001க்குப் பிறகு சி.ஐ.ஏ. கைதிகளைச் சித்திரவதை செய்த விவகாரத்தில், பின்னோக்கிப் பார்ப்பதைவிட முன்னோக்கிப் பார்க்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை ஒபாமா 2009இல் எடுத்தார். 101 கைதிகள் நடத்தப்பட்ட விதம் ஆராயப்பட்டது. 2012 ஆகஸ்டில், கடைசியாக இருந்த இரண்டு மரண விசாரணைகளையும் குற்றச்சாட்டு இன்றி மூடுவதாக நீதித்துறை அறிவித்தது. உத்தரவிட்ட தலைவர்களோ, அதற்குச் சட்ட விளக்கம் எழுதிக் கொடுத்தவர்களோ நீதிமன்றம் ஏறவில்லை. அங்கேயும் மக்கள் நம்மைப் போலவே மனம் கொதித்தார்கள்.

அந்த ஏமாற்றத்தின் ஒரு எதிரொலி நம் தலைநகரிலேயே கேட்டது. மகாதீரின் முன்முயற்சியால் உருவான கோலாலம்பூர் போர்க்குற்றத் தீர்ப்பாயம், 2012 மே மாதம் ஜார்ஜ் புஷ், டிக் செனி, டொனால்ட் ரம்ஸ்பெல்ட் உள்ளிட்டோரைச் சித்திரவதைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. சட்ட வலு இல்லாத அறிவிப்பு அது. ஆனால் அங்கே வந்து சாட்சி சொன்னவர்களுக்கு வேறு எந்த நீதிமன்றமும் வாசலைத் திறக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இதே அமெரிக்க நீதித்துறைதான் 2016 ஜூலையில், 1எம்டிபி பணத்தில் வாங்கப்பட்ட 100 கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்துகளைக் கைப்பற்ற வழக்குத் தொடுத்து, ‘மலேசிய அதிகாரி 1’ என்ற பெயரில் நஜிப்பைக் குறிப்பிட்டது. அயல்நாட்டுத் தலைவரின் பணத்தைத் துரத்துவதில் உறுதியாக நின்ற ஓர் அலுவலகம், தன் நாட்டுத் தலைவர்களைத் தொடத் தயங்கியது. திறமையின்மையோ சோம்பலோ இதற்குக் காரணம் அன்று. தனக்கு மேலே அமர்ந்திருப்பவர் மீது கை வைக்கும் சுதந்திரம் அந்த அமைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த நாடானாலும் இப்படித்தான் நடக்கும்.

சட்டத்துறைத் தலைவரையும் அரசு வழக்கறிஞரையும் இரு பதவிகளாகப் பிரித்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்பவர் ஒருவர், வழக்குத் தொடுப்பவர் மற்றொருவர் என்று பிரிக்க வேண்டும் என்பது வழக்கறிஞர் மன்றமும் குடிமக்கள் அமைப்புகளும் நெடுங்காலமாக எழுப்பும் கோரிக்கை. இன்றைய அரசாங்கமும் கொள்கை அளவில் அதை ஏற்றுக்கொண்டது. இதற்கு 145ஆவது பிரிவைத் திருத்த வேண்டும். 222 உறுப்பினர்கள் கொண்ட மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 வாக்குகள் வேண்டும். இங்கிலாந்தில் 1986 முதல் வழக்குத் தொடுப்பதற்கெனத் தனி அமைப்பு இயங்குகிறது. வழக்குத் தொடுக்கப் போவதில்லை என்ற முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் வழிமுறையும் 2013 முதல் அங்கே பாதிக்கப்பட்டவர்களுக்கு உண்டு.

ஆனால் கவனிக்க வேண்டியது நியமனத்தை. புதிய அரசு வழக்கறிஞரையும் பிரதமரே தேர்ந்தெடுத்து, பிரதமரே அகற்ற முடியும் என்றால், பெயர்ப்பலகை மட்டும்தான் இரண்டாகும். நிலையான பதவிக்காலம், நீதிபதியை நீக்குவதற்கு உள்ளது போன்ற கடினமான நீக்கல் முறை, நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் ஆண்டுதோறும் விளக்கம் சொல்லும் கடமை, முக்கிய வழக்குகளைக் கைவிடும்போது எழுத்துப்பூர்வக் காரணம்: இந்த நான்கும் சட்ட வாசகத்திலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் வரைவுகளில் எளிதாக மறந்துவிடுகிறார்கள்.

வழக்குக் கைவிடப்பட்ட தலைவரை வாட்ஸ்அப்பில் ‘திருடர்’ என்று எழுதலாமா?

வேண்டாம். நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளிக்காதவரை அவர் சட்டத்தின் கண்ணில் நிரபராதிதான். அவதூறு வழக்கு உங்கள் மேல் பாயும். தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவும் இருக்கிறது. இத்தனை குற்றச்சாட்டுகள் இருந்தன, இந்த நாளில் முகாந்திரம் உண்டு என்று நீதிபதி சொன்னார், இந்த நாளில் அரசுத் தரப்பு கைவிட்டது, காரணம் கேட்கிறோம் என்று எழுதுங்கள். உண்மையான தேதிகளும் எண்களும் வசைச்சொல்லைவிட ஆழமாகப் பாயும், உங்களையும் காப்பாற்றும்.

நான் ஒரு சாதாரண வாக்காளர். என்னால் ஆகக்கூடியது என்ன?

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. ஆளும் கட்சியாக இருந்தால் இன்னும் நல்லது. தமிழிலும் எழுதலாம், மலாயிலும் எழுதலாம். பொதுவாக ‘ஊழலை ஒழியுங்கள்’ என்று எழுதினால் நன்றிக் கடிதம்தான் வரும். இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: 145ஆவது பிரிவைத் திருத்தும் மசோதாவில் அரசு வழக்கறிஞரை யார் நியமிக்க வேண்டும், யார் நீக்க வேண்டும் என்பதில் உங்கள் நிலை என்ன? வழக்கைக் கைவிட்டால் காரணத்தை வெளியிடுவது கட்டாயம் என்ற வரிக்கு நீங்கள் வாக்களிப்பீர்களா? பதில் வந்தால் அதை அக்கம்பக்கத்தாரோடு பகிருங்கள். வராவிட்டால் சேவை மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

ஊழல் குறித்து நேரடித் தகவல் இருந்தால் எஸ்.பி.ஆர்.எம். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். 2010ஆம் ஆண்டு தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பெயரை மறைத்து வைக்கும். ஆனால் அந்தப் பாதுகாப்பு, அமலாக்க நிறுவனத்திடம் முறையாகத் தகவல் கொடுத்தவருக்குத்தான். முதலில் முகநூலில் போட்டுவிட்டுப் பிறகு புகார் கொடுக்கப் போனால் அது கிடைப்பது கடினம். புகாரின் எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில் பதில் இல்லையென்றால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதி, நகலை நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.